ஊருணியும் கூரைநீரும்
குடிநீரை எண்ணிக் கட்டடம் அமைக்கும் முறை

தமிழ் மக்கள் நீர்நிலைகளுக்கு இட்டு வழங்கிய பெயர்கள் பல. ஊற்று, கேணி, கிணறு, குளம், ஊருணி, ஏந்தல், கண்மாய், ஏரி என அவை விரியும். அவற்றுள் சில இடத்தாலும் வடிவத்தாலும் அமைந்தவை. சில பயனால் அமைந்தவை. ஊரார் உண்ணும் நீரை உடையது ஊருணி. குளித்தற்கு உரியது குளம் என்றும், ஏர்த்தொழிலுக்கு உதவுவது ஏரி என்றும் பொருள் கூறுவாரும் உளர். சொற்பிறப்பில் கருத்து வேறுபாடு இருக்கலாம். வழக்கத்தில் வேறுபாடு இல்லை. ஊருணியில் ஆடுமாடுகளை இறக்குவதும் துணி துவைப்பதும் கூடாது என்பது, சிவகங்கை, இராமநாதபுரம் போன்ற வறண்ட பகுதிகளின் சிற்றூர்கள் நெடுங்காலம் போற்றிவந்த ஒழுங்காகும். ‘ஒப்புரவறிதல்’ என்னும் அதிகாரத்தில் பேரறிவாளனுடைய செல்வத்துக்கு உவமை தேடிய வள்ளுவர், நீர் நிறைந்த ஊருணியையே எடுத்துக் காட்டினார் என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும்.

இப்பெயர்களுக்குள் ஓர் அறிவு அடங்கிக் கிடக்கிறது. எல்லா வேலைக்கும் ஒரே நீர் வேண்டுவதில்லை என்பதே அது. உண்ணும் நீர் வேறு. கழுவும் நீர் வேறு. பயிர்க்குப் பாயும் நீர் வேறு. இக்காலத்துக் கட்டடங்களோ இம்மூன்றையும் ஒரே குழாயில் அடக்கிவிட்டன. உலை வைக்கும் நீரும், தரை கழுவும் நீரும், கழிவறைத் தொட்டியில் நிரம்பும் நீரும் ஒன்றே. ஆற்றிலிருந்து இறைத்து, மண்டி நீக்கி, வடிகட்டி, கிருமி நீக்கிய நீர் அது. பொருட்செலவில் குடிநீராக ஆக்கப்பட்டதில் மிகச் சிறு பகுதியே வாய்க்குப் போகிறது. மலேசியாவில் ஒருவர் ஒரு நாளில் 200 லிட்டருக்குமேல் குழாய்நீர் செலவிடுகிறார். அவர் குடிப்பது இரண்டு மூன்று லிட்டரே.

வீட்டையும் பள்ளியையும் கட்டும்போதே இந்நீர்களைப் பிரித்து அமைக்கக் கூடுமா? கூடும். சபாக் வட்டாரத்தையும் கோலசிலாங்கூர்த் தோட்டப் பகுதிகளையும் நோக்கினால், அதன் இன்றியமையாமையும் விளங்கும்.

நிலத்தின் இயல்பு

சிலாங்கூரின் வடகோடியில், பேராக் மாநிலத்தை எல்லையிட்டுப் பிரிக்கும் பெர்ணம் ஆற்றின் தென்கரையில் அமைந்தது சபாக். கடலோரத்தில் உப்புச் சேறு படிந்த களிமண்; உள்ளே செல்லச் செல்லக் கரிச்சதுப்பு. நிலம் கடல்மட்டத்தை ஒட்டியே தட்டையாகக் கிடப்பதால், ஏற்றநீர் புகாதபடி கரை கட்டியும் மதகு அமைத்தும் அங்கே பயிர் செய்கின்றனர். தென்னையும் கமுகும் எண்ணெய்ப்பனையும் செழிக்கின்றன. பெர்ணம் ஆற்றின் தலைமதகிலிருந்து கால்வாய் வழியே தெங்கி ஆற்றுக்குத் திருப்பப்படும் நீர், தஞ்சோங் காராங் வட்டாரத்தின் பெரிய நெல்வயல்களை வளர்க்கிறது.

இத்துணை நீர்வளம் இருந்தும் தோண்டியெடுத்துக் குடிக்கத்தக்க நீர் அரிது. கடலோரக் கிணற்றில் நீர் உவர்க்கும். இரும்பு வாடையும் வீசும். கரிச்சதுப்புக் கிணற்றில் ஊறும் நீரோ தேநீர் நிறத்தில் இருக்கும். மட்கிய இலைதழைகளின் சாறு இறங்கியதால் அந்நிறம் வந்தது. அந்நீர் புளிப்புத் தன்மை மிக்கது. உலோகக் குழாய்களை அரிக்கும். குளோரினைக் கலந்து தூய்மை செய்யலாம் என்றால், அம்மட்குப் பொருளோடு குளோரின் கூடி உடலுக்கு ஆகாத சேர்மங்களை உண்டாக்கும். படிகாரமும் தேற்றாங்கொட்டையும் கலங்கலைத் தெளியவைக்கும். உப்பை நீக்கமாட்டா, கிருமியையும் முற்றாக ஒழிக்கமாட்டா. எனவே இந்நிலத்தில் இருப்பவர்க்கு ஆறும் வானமுமே நல்ல நீர் தருவன. ஆற்றுநீர் தொலைவிலிருந்து குழாயில் வரவேண்டும். வானத்து நீர் கூரைமேல் தானே வந்து விழுகிறது.

தோட்டமும் குடிநீரும்

தோட்ட மக்களுக்கு நீரின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்னர் வழங்கிய பெஸ்தாரி ஜெயாவை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் 1917இல், இந்நாட்டின் முதல் வாணிக எண்ணெய்ப்பனைப் பயிர் நடப்பட்டது. அத்தகைய தோட்டங்களின் லயங்களில், ஆற்றோரத்துக் குழியும் பொதுக் கிணறும் மழைநீர்ப் பீப்பாயுமே அக்காலத்துக் குடிநீர்த் துணைகள். வயிற்றுக்கடுப்பும் பேதியும் மலைக்காய்ச்சலும் தொழிலாளரை வாட்டின. தொழிலாளர்க்குத் தூய நீர் தருதல் முதலாளியின் கடமை என்று ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டக்கோவை கூறிற்று. விடுதலைக்குப் பின்னர் எழுந்த சட்டங்கள் அதனை மேலும் உறுதி செய்தன. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குழாய்நீர் இலவசமாகத் தரப்படல் வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டத்தின் விதி.

குழாய்நீர் வந்தது பெரும் பேறு. ஐயத்துக்கு இடமின்றி அது பல உயிர்களைக் காத்தது. ஆனால் குழாய் வந்ததும் இறவாரத்துப் பீப்பாய் மறைந்தது. மழைநீரைப் பிடிப்பது ஏழ்மையின் அடையாளம் என்ற எண்ணமும் எப்படியோ புகுந்துவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்து வரிசை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தபோது, ஒரே குழாயை மட்டும் நம்பும் வாழ்வு முழுமை பெற்றது.

ஒரே குழாயின் இடர்

ஒரு குழாயை நம்பியிருப்பதன் இடரைச் சிலாங்கூர் மக்கள் மூன்று முறை நன்கு உணர்ந்தனர். 1998இல் ‘எல் நினோ’ வறட்சியால் அணைகள் வற்ற, கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் நீர்ப்பங்கீடு நடந்தது. 2014இன் தொடக்கத்தில் மீண்டும் வறட்சி, மீண்டும் பங்கீடு. 2020 செப்டம்பரில் நேர்ந்ததோ வறட்சி அன்று. சிலாங்கூர் ஆற்றில் கழிவுப்பொருள் கலந்து நாற்றம் எழுந்தமையால், அவ்வாற்றை நம்பிய நான்கு நீர்த்தூய்மை நிலையங்கள் ஒருங்கே மூடப்பட்டன. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நீர்க்கணக்குகளுக்கு நீர் நின்றது. கோலசிலாங்கூர் மாவட்டமும் அதில் சிக்கியது.

மேலே எங்கோ ஒரு தொழிற்கூடம் ஆற்றைக் கெடுத்தால், கீழே கழிவறைகூடக் கழுவ முடியாத நிலை. அன்று மழை பெய்திருந்தாலும், அதைப் பிடித்துவைக்க இடமில்லாத வீட்டுக்கு என்ன பயன்? நீர் நின்ற நாளில் பள்ளியை மூட நேர்வது குடிக்க நீர் இன்மையால் மட்டும் அன்று; குடிநீரைப் புட்டியில் கொண்டுவரலாம். கழிவறை இயங்காமையே பள்ளியை மூடச்செய்கிறது. பாடத்தை இழப்பவர் பிள்ளைகள்.

கூரை தரும் நீர்

மழைக்கணக்கு மிக எளியது. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் நீர். நான்காம் வகுப்பு மாணவனும் இதைக் கொண்டு தன் வீட்டுக் கூரையின் விளைவைக் கணக்கிடலாம்.

தீபகற்ப மலேசியாவின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர். சிலாங்கூரின் வடகடற்கரை அதனினும் குறைவாகவே பெறுகிறது. ஆதலின் 1,500 என்று குறைத்தே கொள்வோம். ஒரு வரிசை வீட்டின் முன்பாதிக் கூரை 50 சதுர மீட்டர் எனின், ஆண்டுக்கு 75,000 லிட்டர் விழும். சிதறுவதும் ஆவியாவதும் முதல் நீராகக் கழிப்பதும் ஐந்தில் ஒரு பங்கு எனக் கழித்தால் 60,000 லிட்டர் எஞ்சும். நாளொன்றுக்கு 160 லிட்டருக்குச் சற்று மேல். ஐவர் வாழும் வீட்டில் ஒவ்வொருவரும் நான்கு முறை, முறைக்கு 6 லிட்டர் என்று கழிவறைத் தொட்டியைப் பயன்படுத்தினால் 120 லிட்டர் ஆகும். பாதிக் கூரையே அதற்குப் போதும். செடிக்கு ஊற்றவும் மிஞ்சும்.

இனி ஒரு சிறு தமிழ்ப்பள்ளியை எண்ணுக. கூரை 600 சதுர மீட்டர்; மாணவர் 120 பேர். கூரை தருவது ஆண்டுக்கு 7,20,000 லிட்டர். ஒவ்வொரு மாணவரும் நாளைக்கு இருமுறை கழிவறை சென்றால் நாளொன்றுக்கு 1,440 லிட்டர். 190 பள்ளி நாள்களுக்கு 2,73,600 லிட்டர். கூரை தருவதில் பாதிக்கும் குறைவே செலவு.

ஆயினும் ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது. மழை நாள்தோறும் பெய்வதில்லை. மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகும். ஆண்டின் தொடக்கத்திலும் நடுவிலும் குறையும். இரண்டு வாரம், அதாவது பத்துப் பள்ளி நாள் மழையின்றிப் போனாலும் தாங்க வேண்டுமானால், அப்பள்ளிக்கு 14,400 லிட்டர் கொள்ளும் தொட்டி தேவை. கூரையின் அளவு கிடைக்கும் நீரைச் சொல்லும். தொட்டியின் அளவு தாங்கும் நாளைச் சொல்லும். இவ்விரண்டையும் மயக்கிக்கொள்வோரே, சிறு தொட்டி வைத்துவிட்டு மழைநீர்த் திட்டம் பயனற்றது என்பர். தொட்டியின் அளவைக் கணிக்கும் பொருட்டு, நாட்டின் நீரியல் ஆய்வுக்கழகமான நாரிம் ‘தாங்கி நாரிம்’ என்னும் கணினிச் செயலியை ஆக்கியுள்ளது.

சதுப்பு மண்ணில் தொட்டி வைத்தல்

ஓர் ஆயிரம் லிட்டர் நீரின் எடை ஒரு டன். 14,400 லிட்டர் தொட்டி நிறைந்தால் பதினான்கு டன்னுக்கு மேல். சபாக்கின் மென்களிமண்ணும் கரிச்சதுப்பும் இப்பாரத்தின்கீழ் ஆண்டாண்டாக அமிழும். கட்டடம் ஆழ்தூண்களின்மேல் அசையாது நிற்க, வெறுந்தரையில் வைத்த தொட்டி தாழ்ந்துபோனால், இரண்டையும் இணைக்கும் குழாய் முறிந்துவிடும். ஆகவே தொட்டிக்கும் ஆழ்தூண் தாங்கிய தளம் வேண்டும். அல்லது வளைந்து கொடுக்கும் இணைப்புக் குழாயாவது வேண்டும்.

நிலத்துக்கடியில் தொட்டி புதைப்பது பிற இடங்களில் நல்ல முறை. இங்கே நிலத்தடி நீர் ஒரு சாண் இரு சாணில் நிற்கும். வெறுமையான தொட்டியை அந்நீர் மேலே தள்ளும்; வெடிப்புக் கண்டால் உவர்நீர் உள்ளே புகும். எனவே தொட்டி நிலத்தின் மேல் இருப்பதே இப்பகுதிக்கு ஏற்றது. அங்கிருந்து சிறு பம்பு கொண்டு மேல்தொட்டிக்கு ஏற்றினால், மின்சாரம் நின்றாலும் ஒரு நாளைக்குக் கழிவறைகள் இயங்கும்.

இருவகைக் குழாய்

நீரைப் பிரிக்க வேண்டுமாயின் குழாயைப் பிரிக்க வேண்டும். குடிநீர்க் குழாய் ஒன்று. கழுவுநீர்க் குழாய் மற்றொன்று. சுவர் பூசுவதற்கு முன் இரண்டையும் பதித்தால் செலவு சிறிது. கட்டடம் முடிந்தபின் எண்ணினால், சுவரை இடித்துத் தரையைப் பெயர்க்க வேண்டிவரும். பழைய கட்டடங்களில் மழைநீர்த் திட்டம் செடிக்கு ஊற்றும் தொட்டியோடு நின்றுவிடுவதன் காரணம் இதுவே.

இவ்விரு குழாய்களும் எவ்விடத்தும் இணைதல் கூடாது. நீண்ட மழையற்ற காலத்தில் கழுவுநீர்த் தொட்டிக்குப் பொதுக்குழாயிலிருந்து நீர்விட நேரும். அப்போது பொதுக்குழாயின் வாய், தொட்டியின் மிகைநீர் வழியும் மட்டத்துக்கு மேலே, காற்றில் தனித்து நிற்கவேண்டும். நீருக்குள் மூழ்கியிருத்தல் ஆகாது. பொதுக்குழாயில் அழுத்தம் குறையும் வேளையில், மூழ்கிய வாய் தொட்டிநீரைப் பின்னோக்கி உறிஞ்சிக்கொள்ளும். ஒரு வீட்டின் கவனக்குறைவு தெருவின் குடிநீரையே கெடுத்துவிடக்கூடும். கழுவுநீர்க் குழாய்க்கு வேறு நிறம் தீட்டி, திறப்புகளில் ‘குடிக்கலாகாது’ என்று பிள்ளைகள் அறியும் மொழிகளில் எழுதிவைத்தலும் வேண்டும்.

குடிநீர்க் குழாய்க்கும் ஒரு முறை உண்டு. இந்நாட்டு வீடுகளில் அடுக்களைக் குழாயைப் பொதுக்குழாயிலிருந்து நேரே கொணர்ந்து, மற்றவற்றைக் கூரைத்தொட்டியின் வழியே தருவது வழக்கம். தொட்டியில் வெயிலால் சூடேறி, குளோரின் குறைந்து, வண்டல் படிந்த நீர் உணவுக்கு வரலாகாது என்பதே இதன் கருத்து. பள்ளிகளிலும் பிள்ளைகள் நீர் பருகும் திறப்புகள் இவ்வாறே நேர்குழாயில் அமைதல் நன்று. அவை கழிவறையின் பக்கத்தில் இராமல், வகுப்பறைத் தாழ்வாரத்தில், சிறுவர் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். நல்ல நீர் கண்ணில் படாத இடத்தில் இருந்தால், பிள்ளைகளின் கை சிற்றுண்டிச் சாலையின் இனிப்பு நீரை நாடும். விடுமுறை கழிந்து பள்ளி திறக்கும் காலையில், குழாயில் தேங்கிய நீரைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பின்னர்க் குடிக்கச் செய்வதும் நன்று.

கூரைநீரைக் குடிக்கலாமா?

மழைநீர் தூயது, கூரை தூயது அன்று. பறவை எச்சமும் எலிக்கழிவும் உலர்ந்த இலையும் அங்கே கிடக்கும். எண்ணெய்ப்பனைத் தோட்டங்களை ஒட்டிய கூரைகளில் களைக்கொல்லித் திவலை காற்றில் வந்து படியக்கூடும். கரிச்சதுப்புத் தீயால் புகைமூட்டம் எழும் காலங்களில் சாம்பலும் சேரும். கொதிக்கவைத்தல் கிருமியைக் கொல்லும். நஞ்சையும் உப்பையும் நீக்காது. ஆதலின் தூய குழாய்நீர் கிடைக்கும் இடத்தில், கூரைநீரைக் கழுவுவதற்கும், குழாய்நீரைக் குடிப்பதற்கும் வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

கழுவுநீர் ஆயினும் காவல் வேண்டும். மழை தொடங்கியதும் வரும் முதல் நீரைத் தனிக்குழாயில் தேக்கி வெளியேற்றிவிட்டு, பின்னர் வருவதையே தொட்டிக்கு விடவேண்டும். இறவாரத்துத் தகர வாய்க்காலைச் சருகு அடையாதபடி துப்புரவு செய்தல் வேண்டும். தொட்டியை வெளிச்சம் புகாதபடி மூடினால் பாசி பிடிக்காது. எல்லாவற்றினும் முதன்மையானது கொசுவலை. 1901இல் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானில் தேங்கு நீரை வடித்து மலைக்காய்ச்சலை அடக்கியது இம்மாநிலத்தின் வரலாறு. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ சேற்றை நாடாது. வீட்டார் சேர்த்துவைக்கும் தெளிந்த நீரையே நாடும். திறந்த பீப்பாயில் அக்கொசுவை வளரவிடுதல் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றமுமாகும்.

பிற நாட்டார் கண்ட வழி

அட்லாண்டிக் கடலில் பெர்முடா என்னும் தீவுக்கூட்டம் உண்டு. ஆறும் நன்னீர் ஏரியும் அங்கு இல்லை. வெண்சுண்ணம் பூசிய படிப்படியான கல்கூரைகளில் மழையைப் பிடித்து, வீட்டின் அடியிலுள்ள தொட்டியில் சேர்க்கின்றனர். கூரைநீர்த் தொட்டியின்றி வீடு கட்டலாகாது என்பது அங்குச் சட்டம். தமிழ்நாட்டிலும் இவ்வறிவு புதிதன்று. செட்டிநாட்டு வீடுகளின் சரிந்த ஓட்டுக்கூரைகள் நடுமுற்றத்தை நோக்கி நீரை இறக்கும். அந்நீரை அண்டாக்களில் பிடித்தனர். எஞ்சியதைக் கிணற்றுக்கும் ஊருணிக்கும் விட்டனர்.

2003இல் தமிழ்நாட்டு அரசு, எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேமிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் ஒரு மாநிலம் முழுமைக்கும் இவ்வாறு விதித்தது குறிப்பிடத்தக்க செயல். ஆயினும் 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றனர். பல வீடுகளில் குழாய் மட்டும் இருந்தது. துப்புரவு செய்வார் இன்மையால் குழி தூர்ந்திருந்தது. சட்டம் அமைப்பைத் தரும். அதனைப் பேணும் பழக்கத்தை வீட்டாரும் பள்ளியுமே தரவேண்டும்.

சட்டமும் வரைபடமும்

1998ஆம் ஆண்டு வறட்சிக்குப் பின்னர், 1999இல் மலேசிய வீடமைப்பு, ஊராட்சித்துறை அமைச்சு மழைநீர் சேகரிப்புக்கு வழிகாட்டி வெளியிட்டது. பின்னர்க் கட்டடத் துணைச்சட்டம் திருத்தப்பெற்று, சிலாங்கூர் உள்ளிட்ட மாநிலங்களில், 100 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கூரையுடைய புதிய தனி வீடுகளுக்கும் இரட்டை வீடுகளுக்கும் இவ்வமைப்பு வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பெரிய வீட்டை எண்ணியே இவ்விதி எழுந்தது. தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் வாழும் சிறு வரிசை வீடுகளை அது கருதவில்லை. நீர் நின்றால் பெருந்தொட்டியும் உந்தும் இல்லாத அவ்வீடுகளே முதலில் துன்புறுவன. விதி இல்லாத இடத்தில், கேட்போர் கேள்வியே விதியாதல் வேண்டும்.

தமிழ்ப்பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழும்போதெல்லாம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் மேலாளர் வாரியத்தாரும் வரைபடத்தைக் காண்கின்றனர். வகுப்பறை எத்தனை, மண்டபம் எவ்வளவு பெரிது என்று கேட்பதே வழக்கம். இனி வேறு சில கேள்விகளும் எழட்டும். கூரைநீர் எங்கே போகிறது? கழிவறைக்குத் தனிக்குழாய் உண்டா? தொட்டியின் அடித்தளம் இம்மண்ணைத் தாங்குமா? பிள்ளைகள் குடிக்கும் நீர் நேர்குழாயில் வருகிறதா? தொட்டியைத் துப்புரவு செய்ய ஆள் ஏறிச்செல்ல வழி உண்டா? வரைபடத்தில் இவற்றைச் சேர்ப்பதற்கு ஆகும் உழைப்பு சிறிது. கட்டியபின் சேர்ப்பதற்கு ஆகும் செலவு பெரிது.

ஆசிரியர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பள்ளி முற்றத்தில் நேர்ச்சுவருள்ள தகரக்குவளை ஒன்றை வைத்து, மழை விட்டதும் அளவுகோலால் மில்லிமீட்டர் கணக்கை மாணவர் குறிக்கலாம். கூரையின் நீள அகலத்தை அளந்து, அன்று தங்கள் பள்ளிமேல் விழுந்த லிட்டர் எத்தனை என்று பெருக்கிச் சொல்லலாம். கணக்கும் அறிவியலும் ஒரே பாடமாகும். ஊருணி என்னும் சொல்லுக்குப் பொருள் சொல்லும் தமிழ்ப்பாடத்தையும் அதனோடு சேர்த்து நடத்தினால், உண்ணும் நீரை ஊரார் ஏன் தனியே காத்தனர் என்பது மாணவர்க்குத் தெளிவாக விளங்கும்.